ஈயச்சொம்பு சொல்லும் பாடம்
உலோகங்களின் உருகுநிலை பற்றி வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை



சில மாதங்களுக்கு முன் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஓர் இளம்பெண் எங்கள் பாத்திரக் கடைக்கு வந்தார். எங்களுடையது மொத்த வியாபாரம்தான் என்றாலும், உள்ளூர்க்காரர்கள் கேட்டால் ஒன்றிரண்டு சில்லறையாகவும் கொடுப்பது வழக்கம். அவர் கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தால், அடிப்பாகம் வழிந்து கட்டியாகிப்போன ஈயச்சொம்பு.

"ஐயா, பத்து நாள் முன்னாடிதான் உங்ககிட்ட வாங்கினேன். எங்கம்மா வீட்டுல முப்பது வருஷமா ஒரே சொம்புல ரசம் வெக்கிறாங்க. நீங்க குடுத்தது ஒரே நிமிஷத்துல உருகிப் போச்சு. இது கலப்படம்தானே?" என்று கேட்டார்.

"அடுப்புல வெக்கும்போது உள்ளே ரசம் இருந்துச்சாம்மா?" என்றேன்.

"சொம்பை வெச்சுட்டுப் புளி கரைக்கப் போனேன். கரைச்சு எடுத்துட்டு வர்றதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

கட்டியின் எடைக்கு உரிய விலையைக் கழித்துக்கொண்டு அவருக்கு வேறு சொம்பு கொடுத்து, புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. சீக்கிரம் உருகுவது கலப்படத்தின் அடையாளமா, சுத்தத்தின் அடையாளமா? இதே கேள்வியில் நான் ஒருமுறை தவறி, வாடிக்கையாளருக்குத் தீங்கு செய்திருக்கிறேன். அதைச் சொல்லவும், அதை ஒட்டி நம் கடைகளில் அன்றாடம் கைமாறும் பொருள்களைப் பற்றி நான் கற்றுக்கொண்டதைச் சொல்லவுமே இக்கட்டுரை.

உருகுநிலை, கொதிநிலை

திடப்பொருள் திரவமாக மாறும் வெப்பநிலை உருகுநிலை. திரவம் கொதித்து ஆவியாகும் வெப்பநிலை கொதிநிலை. பனிக்கட்டி 0 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உலோகங்களுக்கும் இப்படியே இரண்டு எண்கள் உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். ஒரு சுத்தமான உலோகத்தை எந்த ஊரில், யார் உருக்கினாலும் அதே வெப்பத்தில்தான் உருகும்.

கொதிநிலை மட்டும் அழுத்தத்துக்குத் தக்கபடி கூடும், குறையும். நம் காஞ்சிபுரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், காற்றழுத்தம் குறைந்த ஊட்டியில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் கூடிய குக்கருக்குள் 120 டிகிரி வரை போகும். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குக்கர் வால்வைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

மனதில் இருக்க வேண்டிய எண்கள்

கடையில் எழுதி ஒட்டி வைக்கத் தக்க பட்டியல் இது. எல்லாம் டிகிரி சென்டிகிரேடு. முழு எண்ணாக்கித் தந்திருக்கிறேன். மிக உயர்ந்த கொதிநிலைகள் நூலுக்கு நூல் சற்று மாறுபடும் என்பதால் அவற்றைத் தோராயமாகக் கொள்க.

பாதரசம்: உருகுவது 0-க்குக் கீழே 39, கொதிப்பது 357
வெள்ளீயம்: உருகுவது 232, கொதிப்பது 2,600
காரீயம்: உருகுவது 327, கொதிப்பது 1,749
துத்தநாகம்: உருகுவது 420, கொதிப்பது 907
அலுமினியம்: உருகுவது 660, கொதிப்பது 2,500
வெள்ளி: உருகுவது 962, கொதிப்பது 2,160
தங்கம்: உருகுவது 1,064; கொதிப்பது 2,800-க்கு மேல்
செம்பு: உருகுவது 1,085, கொதிப்பது 2,560
இரும்பு: உருகுவது 1,538, கொதிப்பது 2,860

சீக்கிரம் உருகும் உலோகம் சீக்கிரம் கொதிக்கும் என்று எண்ண வேண்டாம். வெள்ளீயம் 232-இல் உருகிவிட்டாலும் ஆவியாக 2,600 டிகிரி வேண்டும். துத்தநாகமோ 420-இல் உருகி 907-இல் ஆவியாகிப் பறந்துவிடும்.

பட்டியலில் இன்னொன்றையும் கவனியுங்கள். வெள்ளீயம், காரீயம் என இரண்டு தனித்தனி உலோகங்கள் இருக்கின்றன. நாம் இரண்டையும் 'ஈயம்' என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். ரசம் வைக்கவும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசவும் உரியது வெள்ளீயம். ஆங்கிலத்தில் டின் என்பது இதுதான். பேட்டரியிலும் மீன் வலையின் குண்டிலும் இருப்பது காரீயம், ஆங்கிலத்தில் லெட். வெள்ளீயத்தில் சமைக்கலாம். காரீயம் நஞ்சு. வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பல மடங்கு. பெயர் ஒன்றாகவும் விலை இப்படியும் இருந்தால் என்ன நடக்கும் என்பதை வணிகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சொம்பைக் காப்பது ரசம்

முதலில் அந்தப் பெண்ணின் சொம்புக்கு வருவோம். காஸ் அடுப்பின் சுவாலை 1,000 டிகிரியைத் தாண்டியது. 232-இல் உருகும் சொம்பு அதன்மேல் எப்படி நிற்கிறது?

உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அதைக் காக்கிறது. அடுப்பு கொடுக்கும் வெப்பத்தை மெல்லிய ஈயச் சுவர் உடனே ரசத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ரசம் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. அதற்கு மேல் வரும் வெப்பமெல்லாம் ஆவியாகப் போய்விடும். ஆகவே ரசம் தொட்டுக்கொண்டிருக்கும் வரை ஈயம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். உருகுநிலைக்கு இன்னும் 130 டிகிரி பாக்கி. தண்ணீர் இல்லாவிட்டால் வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஒரு நிமிடம் போதும்.

சொம்பு விற்கும்போது மூன்று செய்திகளைச் சொல்லியே கொடுக்க வேண்டும். ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். தீ அடியோடு நிற்க வேண்டும். பக்கவாட்டில் ஏறி, ரசம் தொடாத மேல்பாகத்தை நக்கினால் அந்த இடம் உருகும். தாளிப்பை வேறு கரண்டியில் செய்து ஊற்ற வேண்டும். புகையும் எண்ணெய் 200 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

நான் ஏமாந்த கதை

1994-ஆம் ஆண்டு. அப்பா கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டு கொள்முதலை என்னிடம் விட்டிருந்தார். வெளியூர்ப் பட்டறை ஒன்றிலிருந்து 24 ஈயச்சொம்புகள் விலை சகாயமாக வந்தன. சந்தேகம் இருந்ததால் நானே ஒரு சோதனை செய்தேன். கடையில் இருந்த பழைய சுத்த வெள்ளீயத் துண்டு ஒன்றையும், புதுச் சொம்பின் விளிம்பில் சுரண்டிய துண்டு ஒன்றையும் ஓர் இரும்புக் கரண்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சூடுகாட்டினேன். புதுச் சொம்பின் துண்டு முதலில் உருகியது.

எனக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்: வெள்ளீயம் 232, காரீயம் 327. காரீயம் கலந்திருந்தால் உருகுவதற்குக் கூடுதல் சூடு வேண்டும், தாமதமாக உருகும். இது சீக்கிரம் உருகுகிறது, ஆகவே அசல் சரக்கு. மனநிறைவோடு 24 சொம்புகளையும் விற்றேன்.

சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். வாங்கிப் போன சொம்பை மறுவாரமே திருப்பிக் கொண்டுவந்தார். கை எடைக்குக் கனமாக இருக்கிறது, காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் நிறக் கோடு விழுகிறது என்றார். நான் பெருமையோடு என் கரண்டிச் சோதனையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, சீக்கிரம் உருகுதுன்னு பார்த்தீங்க. சுத்த ஈயத்தைவிட அது ஏன் சீக்கிரம் உருகணும்னு யோசிச்சீங்களா?" என்றார்.

பிறகு அவர் விளக்கியதை நம் மளிகைக் கடைப் பொருளை வைத்தே சொல்கிறேன். ஐஸ் விற்பவர்கள் நம்மிடம் கல்லுப்பு வாங்கிப் போவது எதற்கு? பனிக்கட்டியில் உப்பைக் கலந்தால் 0 டிகிரிக்கு வெகு கீழேயே உருகி, கடுங்குளிர் தரும் கலவையாக நிற்கும். உப்பு தனியாக உருக 801 டிகிரி வேண்டும். அப்படிப்பட்ட உப்பு, பனிக்கட்டியோடு சேர்ந்தால் அதன் உருகுநிலையை மேலே ஏற்றாமல் கீழே இறக்குகிறது. உலோகங்களிலும் பல கலவைகள் இப்படித்தான். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தால் அக்கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டும் தனித்தனியே உருகும் வெப்பத்துக்கும் கீழே! ரேடியோ, டி.வி. பழுது பார்ப்போர் பற்றவைக்கும் ஈயம் இந்தக் கலவைதான்.

என் சொம்புத் துண்டு முதலில் உருகியதற்குக் காரணம் அதன் சுத்தம் என்று நினைத்தேன். உண்மையில் காரணம் கலப்படம். சென்னையில் ஒரு சோதனைச்சாலைக்கு அனுப்பியபோது அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரீயம் என்று வந்தது.

இதன் தீங்கு சாதாரணமானது இல்லை. ரசத்தின் புளி, காரீயத்தைக் கரைத்து இழுக்கும். உடம்பில் சேரும் காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு தருகிறது. இந்த அளவு வரை போகலாம் என்று சொல்லத்தக்க தீங்கற்ற அளவே காரீயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிறத்திலும் ருசியிலும் எதுவும் தெரியாது.

அப்பாவிடம் சொன்னேன். "வித்தவனைத் திட்டறது அப்புறம். வாங்கிட்டுப் போனவங்க வீடு எது எதுன்னு எழுது" என்றார். பில் புத்தகத்தையும் நினைவையும் வைத்து வீடு வீடாகப் போய் 17 சொம்புகளைத் திரும்ப வாங்கினேன். மீதி 7 எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. பெயர் எழுதாமல் ரொக்கத்துக்கு விற்றவை அவை. கல்யாணச் சீராக எந்த ஊருக்குப் போயினவோ. ஈயச்சொம்புக்குப் பெயர், விலாசம் இல்லாமல் பில் போடக்கூடாது என்ற வழக்கம் எங்கள் கடையில் அன்றிலிருந்து வந்தது.

தண்ணீரில் எடை போடும் சோதனை

அந்த ஆசிரியர் தராசில் செய்து காட்டியதை இன்று எலக்ட்ரானிக் தராசு உள்ள எந்தக் கடையிலும் ஐந்து நிமிடத்தில் செய்யலாம்.

1. சொம்பை முதலில் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. அதை இறக்கிவிட்டு, பாதிக்கு மேல் தண்ணீர் உள்ள வாளியைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள்.
3. சொம்பை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் முழுகும்படி தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நூல் உங்கள் கையிலேயே இருக்கட்டும். சொம்பு அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. உள்ளே காற்று தங்காதபடி சாய்த்து இறக்க வேண்டும்.
4. இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுக்க வேண்டும்.

சுத்த வெள்ளீயம் என்றால் விடை 7.3 வரும். அதாவது 730 கிராம் சொம்புக்குத் தராசு 100 கிராம் காட்டும். மூன்றில் ஒரு பங்கு காரீயம் இருந்தால் அதே 730 கிராம் சொம்புக்கு 88 கிராம்தான் காட்டும், விடை 8.3-ஐ ஒட்டி வரும். சுத்தக் காரீயம் 11.3. கைக்கருவிகளின் பிழைக்கு இடம் கொடுத்தாலும், 7.5-க்கு மேல் வந்தால் அந்தச் சரக்கை விற்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. நூற்றுக்கு ஐந்து பங்கு போலச் சிறிய கலப்படத்தை இந்தச் சோதனை உறுதியாகக் காட்டிக்கொடுக்காது; விடை 7.4 என்றுதான் வரும். காகிதக் கோடும் அப்படியே. கோடு விழுந்தால் காரீயம் என்று சந்தேகிக்கலாம். விழவில்லை என்பதால் சுத்தம் என்று சொல்ல முடியாது. பெரிய கொள்முதலில் ஒரு துண்டைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி அறிக்கை வாங்கிவிடுவதே சரி. 24 சொம்பின் லாபத்தைவிட அந்தச் செலவு குறைவு.

குக்கர் வால்வு: உருகுவதற்கென்றே ஓர் உலோகம்

மளிகைக் கடையிலும் பல சரக்குக் கடையிலும் அட்டையில் தொங்கும் சிறு பொருள் குக்கரின் சேஃப்டி வால்வு. பல வகைகளில் அதன் நடுவில் உள்ள உலோகம், குறைந்த சூட்டில் உருகும்படி தனியாகச் சேர்க்கப்பட்ட கலவை. அதன் வேலையே தக்க சமயத்தில் உருகிப்போவதுதான்.

சாதாரணமாக வேலை செய்யும் குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி அளவில் நிற்கும். ஆவிக்குழாயில் பருப்பு அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறும். அழுத்தத்தோடு தண்ணீரின் கொதிநிலையும் ஏறும். தண்ணீர் வற்றிவிட்டாலும் சூடு ஏறும். இரண்டு நிலையிலும் வால்வின் உலோகம் உருகி வழிவிட, ஆவி வெளியேறிவிடும். குக்கர் தப்பும், எதிரே நிற்பவரும் தப்புவார்.

உருகிய வால்வில் பற்றவைக்கும் ஈயத்தை ஊற்றி அடைத்துக்கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஈயம் உருக 183 டிகிரி வேண்டும். தண்ணீர் 183 டிகிரி வரை சூடேற வேண்டுமானால் குக்கருக்குள் அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஏற வேண்டும். சரியாக வேலை செய்யும் குக்கரில் இருப்பது இரண்டு மடங்கு. ஈயம் உருகும் முன் குக்கரே வெடித்துவிடும்.

ஆகவே அடைத்த வால்வையும், எந்தக் கம்பெனி என்று தெரியாத வால்வையும் விற்காதீர்கள். அந்தந்தக் குக்கருக்குரிய அசல் வால்வையே கொடுங்கள். வீட்டு உபயோகக் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று 2020-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஆணை பிறப்பித்திருக்கிறது. முத்திரை இல்லாத குக்கரை விற்பவருக்கும் பொறுப்பு உண்டு.

மின்சார ஃபியூஸ் கம்பியும் இதே தத்துவம்தான். கம்பியில் மின்சாரம் அளவுக்கு மீறினால் மெல்லிய கம்பி உருகி இணைப்பைத் துண்டிக்கும். அடிக்கடி போகிறதே என்று நான்கு இழைச் செப்புக் கம்பியை முறுக்கிப் போட்டால், அது உருகாது; அதற்குப் பதில் சுவருக்குள் ஓடும் ஒயர் சூடேறி அதன்மேல் உள்ள பிளாஸ்டிக் உறை பற்றிக்கொள்ளும். பட்டும் காகிதமும் எண்ணெயும் அடுக்கியிருக்கும் நம்மைப் போன்றவர்களின் கடைகளில் இதைவிட ஆபத்து வேறில்லை. பழைய ஃபியூஸ் கட்டை உள்ள கடைக்காரர்கள் தானியங்கி சுவிட்சுக்கு மாறிவிடுவது நல்லது.

எண்ணெய் டின், பித்தளை அண்டா, துத்தநாக வாளி

15 கிலோ எண்ணெய் டின்னைத் தகரம் என்கிறோம். அது மெல்லிய இரும்புத் தகடு. துரு ஏறாமல் இருக்க அதன்மேல் மயிரிழையினும் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. காலி டின்னை வெட்டிப் பலகாரம் பொரிக்கும் தட்டாகவும், அடுப்பில் வைத்துச் சூடாக்கும் ஏனமாகவும் பயன்படுத்துவோர் உண்டு. வெறும் தீயில் வைத்தால் 232-இல் பூச்சு போய்விடும், பிறகு துருதான். ஒருமுறை பயன்படுத்திய டின்னில் மறுபடி சமையல் எண்ணெய் நிரப்பி விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறையின் 2018-ஆம் ஆண்டு விதியும் இருக்கிறது.

ஈயம் பூசிய பித்தளை அண்டாவுக்கும் அதே எண்தான். பூசுபவர் பாத்திரத்தைத் துலக்கி, கரி உலையில் காட்டி, நவச்சாரத்தைத் தூவி, ஈயக்குச்சியைத் தொட்டு, பஞ்சால் ஒரே வீச்சில் தேய்ப்பார். பாத்திரம் 232-ஐத் தாண்டியதால்தான் ஈயம் ஓடிப் படிகிறது. அதே பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைத்தால் ஓடிப் படிந்தது ஓடிப் போகவும் செய்யும். சர்க்கரைப் பொங்கலும் சாம்பாரும் செய்யலாம். வறுக்க, பொரிக்க வேண்டாம். பூசுவதற்கு விற்கும் ஈயக்குச்சியையும் மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனை செய்தே வாங்குங்கள். சொம்பில் மட்டும் கவனமாக இருந்து குச்சியில் கோட்டை விட்டால் ஒரு கல்யாணக் கூட்டமே காரீயம் சாப்பிடும்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. செம்பு உருக 1,085 டிகிரி. துத்தநாகமோ 907-இலேயே கொதித்து ஆவியாகிறது. அதனால்தான் பித்தளை உருக்கும் பட்டறையில் வெண்புகை எழுகிறது. அந்தப் புகையை முகர்ந்த தொழிலாளிக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். துத்தநாகப் பூச்சுள்ள வாளியையும் தகட்டையும் அடுப்பாகவோ சமையல் பாத்திரமாகவோ ஆக்கக்கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே. இப்படிப் பறந்துவிடும் துத்தநாகத்தை மூடிய மண் குடுவைகளில் ஆவியாக்கிக் குளிரவைத்துப் பிடிக்கும் கலையை ராஜஸ்தானின் உதய்ப்பூரை அடுத்த ஜாவர் சுரங்கத்தார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

அலுமினியமும் பழைய இரும்புக் கடையும்

அலுமினியம் உருகுவது 660-இல். இரும்பும் செம்பும் உருகும் முன் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமல் இருந்து திடீரென்று அடி தளர்ந்து விழும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் மறந்தவர்களுக்கு இது தெரியும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அலுமினியத்தை உருக்கும் உலையின் சூட்டில், பட்டியலில் அதற்கு மேலே உள்ள வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் மூன்றும் எப்போதோ உருகிவிட்டிருக்கும். பழைய இரும்புக் கடையில் வந்த எஞ்சின் பாகம், ஈயப்பற்று வைத்த ரேடியேட்டர் துண்டு எல்லாவற்றையும் பிரிக்காமல் ஒரே உலையில் போட்டுப் பாத்திரம் வார்த்தால் காரீயம் சிறிதளவாவது அதில் தங்கிவிடும். 2025-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினியம், பித்தளை, இண்டாலியம் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் கசிகிறது என்று கண்டு, அவற்றை விற்க வேண்டாம் என அங்குள்ள கடைக்காரர்களை எச்சரித்தது. அவற்றில் இந்தியாவில் செய்யப்பட்டவையும் இருந்தன. இண்டாலியப் பாத்திரம் எல்லாமே கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. எந்தப் பட்டறையில், எந்த மூலப்பொருளில் வார்த்தது என்று பில்லோடு சொல்லக்கூடியவரிடம் மட்டும் வாங்குங்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைகிறது என்றால், எதனால் குறைகிறது என்று கேளுங்கள்.

நம் ஊர்ச் சரிகை

காஞ்சிபுரத்தில் உலோகத்தைப் பற்றி எழுதிவிட்டுச் சரிகையை விட்டால் நெசவாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். அசல் சரிகையில் பட்டு இழையின்மேல் செம்பு சேர்ந்த வெள்ளிக் கம்பித் தகடு சுற்றியிருக்கும். அதன்மேல் தங்க முலாம். எடையில் பெரும்பங்கு வெள்ளிக்கு. தங்கம் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டாது.

பழைய பட்டுப்புடவை வாங்குவோர் முதலில் பட்டை எரித்துவிடுவார்கள். பிறகு மூசையில் இட்டு உருக்கினால் வெள்ளி, தங்கம், செம்பு மூன்றும் சேர்ந்தே உருகும். 962, 1,064, 1,085 என்று மூன்றும் அண்டை வீட்டுக்காரர்களாக இருப்பதால், உருக்குவதால் மட்டும் ஒன்றை ஒன்றிலிருந்து பிரிக்க முடியாது. அமிலம் கொண்டுதான் பிரிக்க வேண்டும். இங்கும் கலவை தன் குணத்தைக் காட்டும். 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் சேர்ந்தால் 780 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். ஆகவே "சீக்கிரம் உருகிச்சு, நல்ல வெள்ளி" என்று யாராவது சொன்னால், என் கரண்டிச் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழங்காலத்தில் கலசங்களுக்கும் கவசங்களுக்கும் தங்க முலாம் பூசியதும் இந்த எண்களை நம்பித்தான். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கிப் பூசித் தீயில் காட்டுவார்கள். 357-இல் பாதரசம் ஆவியாகிவிடும். 1,064 வரை உருகாத தங்கம் செம்பின்மேல் தங்கிவிடும். ஆனால் அந்த ஆவியைச் சுவாசித்தவர் நரம்பும் மூளையும் கெட்டுப்போவார். மூடிய அறையில் இதைச் செய்துகொடுக்கிறேன் என்று வருபவரை ஊக்குவிக்க வேண்டாம்.

கடையில் கடைப்பிடிக்க

1. கொள்முதல் சீட்டிலும் பில்லிலும் 'ஈயம்' என்று மட்டும் எழுதாதீர்கள். வெள்ளீயம், காரீயம் என்று பிரித்து எழுதுங்கள், எழுதி வாங்குங்கள்.
2. சீக்கிரம் உருகுவதைச் சுத்தத்துக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். தண்ணீரில் எடை பாருங்கள். மொத்தச் சரக்கென்றால் சோதனைச்சாலை அறிக்கை கேளுங்கள்.
3. சமையல் பாத்திரத்துக்கு வாங்கியவர் பெயரோடு பில் போடுங்கள். தவறு நேர்ந்தால் திரும்பப் பெற அது ஒன்றே வழி.
4. குக்கர் வால்வும் ஃபியூஸ் கம்பியும் உருக வேண்டிய பொருள்கள். உருகாத மாற்றுப் பொருளை விற்பது வாடிக்கையாளரின் காவல்காரரைக் கட்டிப்போடுவதற்குச் சமம்.
5. காரீயத்தைக் கடையிலோ வீட்டிலோ உருக்காதீர்கள். அது கொதிப்பது 1,749-இல் என்றாலும், அதற்கு வெகு முன்பே நச்சுப்புகை எழத் தொடங்கிவிடும்.

ஈயச்சொம்பு தேடி வருவோர் இப்போது மறுபடியும் பெருகியிருக்கிறார்கள். பாட்டி வைத்த ரசத்தின் மணம் வேண்டும் என்று இளைய தலைமுறை கேட்கிறது. நல்ல வியாபாரம்தான். அதனாலேயே கலப்படச் சரக்கும் கூடவே வரும். உங்கள் கடைக்கு வரும் பழைய சொம்பு எதையாவது மாற்றிக்கொடுக்கும் சந்தர்ப்பம் வந்தால், ஒரு வாளித் தண்ணீரில் இறக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விடை 7.5-க்கு மேல் வந்தால் அதை மீண்டும் விற்பனைக்கு வைக்காமல் எடைக்கு எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து அகற்றிவிடுங்கள். 1994-இல் என் கையைவிட்டுப் போன ஏழில் ஒன்றாகவும் அது இருக்கலாம்.